ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து ஆள்

தை பிறந்தால் மற்றவர்களுக்குப் பொங்கல். எனக்கு ஊர்ச்சங்கச் செயலாளரின் தொலைபேசி அழைப்பு. இந்த வருடமும் அது தவறவில்லை. பள்ளிக்கூடத்துக் கார் நிறுத்துமிடத்தில், கார்க் கண்ணாடியில் இறுகிக் கிடந்த ஐஸை ஒரு கையால் சுரண்டிக்கொண்டு நிற்கிறேன். மறு கையில் போன்.

"அக்கா, உந்தப் பார்க் பேர்மிட் அலுவலை ஒருக்காப் பாருங்கோவன். போனமுறை பிந்தினதாலதான் கக்கூசுக்குப் பக்கத்து இடம் கிடைச்சது. சனம் இன்னும் பேசுது."

முழங்காலளவு பனிக்குள் நின்றுகொண்டு ஆடி மாதத்து ஒன்றுகூடலைப் பற்றி நான் யோசிக்க வேண்டும். "ஏன் தம்பி, அதை நீர் செய்ய ஏலாதோ?" என்று கேட்டேன்.

"எனக்கு உந்த ஒன்லைன் அலுவலுகள் சரிவராதக்கா."

மார்க்கம் நகரத்தில் ஒரு கம்பனியில் மென்பொருள் எழுதி, அந்தச் சம்பளத்தில் வீடும் வாங்கியவர் சொல்கிற கதை இது. எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் வாயில் வந்தது "ஓம், பாக்கிறன்" என்பதுதான். அந்த "ஓம்" எனக்குள் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்தால் முதல் வேலையாக அதை எழுப்பி அனுப்பிவிடுவேன்.

அந்தச் சங்கம் என் கணவருடைய ஊரின் சங்கம். ரொறன்ரோவில் யாழ்ப்பாணத்து ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. சில ஊர்களுக்கு இரண்டு, ஏனென்றால் முதலாவது சண்டையில் உடைந்திருக்கும். கோடையில் பூங்காவில் ஒன்றுகூடல், மாரியில் மண்டபத்தில் இராப்போசனம், இடையில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை, தண்ணீர்த் தாங்கி என்று ஏதாவது ஒன்று. என் கணவர் பல வருடங்கள் அதற்குச் செயலாளராக இருந்தார். அவர் கையெழுத்துப் போட்டார்; கையெழுத்துக்கு மேலே இருந்ததையெல்லாம் நான் எழுதினேன். மண்டபம் பதிவு செய்தது, காப்புறுதி எடுத்தது, ஒலிபெருக்கிக்கு அனுமதி கேட்டது, கொத்துரொட்டிக்காரரோடு மல்லுக்கட்டியது எல்லாம் நான். இரண்டு மாரிக்கு முன் அவர் இறந்துபோய்விட்டார். வேலை மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

இவ்வளவும் செய்கிற நான் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் இல்லை. காரணம், நான் ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து ஆள்.

அவருடைய ஊரையும் என்னுடைய ஊரையும் பிரிப்பது ஒரு ஒழுங்கை. எதிரே வண்டி வந்தால் சைக்கிளில் போகிறவர் வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். எங்கள் வீட்டுக் கோழி அந்தப் பக்கம் போய் முட்டையிட்டுவிட்டு வரும். கோழிக்கு இல்லாத எல்லை எனக்கு வந்தது கலியாணத்தோடுதான். கனடாவுக்கு வந்து, என் ஊர்ச் சங்கத்தில் சேரப் போனால், "நீங்கள் கலியாணம் கட்டி அங்கால போட்டியள், இனி உங்கட ஊர் அது" என்றார்கள். அவருடைய சங்கத்தில் கேட்டால், "நீங்கள் அங்கால் பக்கத்து ஆள்தானே" என்றார்கள். சரி, ஒருவருக்கும் நான் வேண்டாம், நிம்மதி என்று இருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இவர்களுக்குப் பூங்கா அனுமதி. அவர்களுக்கு ஆண்டு மலரில் எழுத்துப்பிழை திருத்த வேண்டும். நன்கொடை என்றால் இரண்டு பக்கத்தாரும் கதவைத் தட்டுவார்கள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் பழங்கால வரலாறு படிப்பிக்கிறேன். ஒவ்வொரு மாரியிலும் ரோமரின் சிறு நகரங்கள் வரும். பிள்ளைகளுக்கு வேண்டியது வாட்போர் வீரர்களும் பைத்தியக்காரச் சக்கரவர்த்திகளும். நான் நகரசபை, தேர்தல், குடியுரிமை என்று தொடங்கினால் பின்வரிசை கொட்டாவி விடும். எனக்கோ அந்தச் சக்கரவர்த்திகள்மேல் ஒரு பிரியமும் கிடையாது. ஸ்பெயினின் தென்பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த வெண்கலத் தகடுகள் இருக்கின்றனவே, அவைதான் எனக்கு உயிர். ஒரு சின்ன ஊர் தன்னைத் தானே எப்படி ஆள வேண்டும் என்பது முழுக்க அவற்றில் வெட்டியிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தலைவர்கள், தெருவையும் சந்தையையும் பார்க்க இரண்டு பேர், யார் போட்டியிடலாம், விளையாட்டு நடக்கும்போது யார் முன்வரிசையில் குந்தலாம் என்று எல்லாம். இரண்டு வேட்பாளருக்கும் வாக்குச் சமமாக விழுந்தால் கலியாணம் கட்டியவருக்கு முதலிடம், இருவரும் கட்டியிருந்தால் பிள்ளைகள் கூடியவருக்கு. இதைக் கேட்டு என் கணவர், "எங்கட சங்கத்தில உதைக் கொண்டுவந்தால் தலைவர் பதவிக்காகவே சனம் பெத்துத் தள்ளும்" என்றார்.

அந்த நகரங்களில் ஊரின் குடிகள் என்று ஒரு பகுதி, வேறிடத்திலிருந்து வந்து வாழ்கிறவர்கள் என்று ஒரு பகுதி. வந்தவர் தான் வாழ்கிற ஊருக்கும் கடமை செய்ய வேண்டும், தான் பிறந்த ஊருக்கும் கடமை செய்ய வேண்டும். இதை முதன்முதலில் வாசித்தபோது நான் தனியாக இருந்து சிரித்தேன். குசினியிலிருந்து அவர் எட்டிப் பார்த்து, என்னவென்று கேட்டுவிட்டு, "உம்மட சரித்திரம் ரண்டாயிரம் வருசத்துக்கு முன்னமே எழுதியாச்சு" என்றார்.

ஆனால் அந்த ரோமருக்குக்கூட ஒரு நியாயம் இருந்தது. வந்து வாழ்கிறவர்களில் தகுதியுள்ளவர்கள் தேர்தலன்று சும்மா நிற்க வேண்டியதில்லை. வாக்காளர் பிரிவுகளில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுத்து, அந்தப் பிரிவோடு நின்று அவர்கள் வாக்குப் போடலாம். இன்னொன்றும் இருந்தது. அந்த ஊரில் பதவி வகித்தவர், தன் வருடம் முடிந்து இறங்கும்போது ரோமக் குடியுரிமை பெறுவார். அவருக்கு மட்டுமல்ல, தாய் தகப்பனுக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. மனைவிக்கும்! என்னுடையவர் எத்தனை தரம் பதவியேறி எத்தனை தரம் இறங்கினார். அந்தக் கணக்கில் நான் எப்போதோ குடிமகளாகி இருக்க வேண்டும்.

"மிஸ், ஆனா லேடீசுக்கு வோட் இல்லையே?" என்று போன வருடம் வகுப்பில் ஒரு பெட்டை கேட்டாள். உண்மைதான், பெண்ணுக்கு வாக்கும் இல்லை, பதவியும் இல்லை. அப்போதுதான் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ஒரு ரோம நகரத்தின் சுவர்களைப் பற்றிச் சொன்னேன். தேர்தல் காலத்தில் சுவரெல்லாம் வர்ணத்தில் எழுதியிருக்கிறார்கள், இன்னாரைத் தெரிவு செய்யுங்கள் என்று இன்னார் கேட்கிறார் என. கேட்டவர்களில் பெண்களும் இருக்கிறார்கள், சாராயக்கடையில் வேலை செய்த பெண்கள்கூட. வாக்குப்போட முடியாதவள் தன் பெயரைத் தெருச் சுவரில் போட்டிருக்கிறாள், அது இன்றுவரை இருக்கிறது. நான் குரல் தழுதழுக்கச் சொல்லி முடித்தேன். இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டார்கள்.

அதே வருடம் பங்குனியில்தான் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தின் அறை. பதிவு செய்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. என் மகளுக்கு அப்போது பதினெட்டு முடிந்திருந்தது. வீட்டுக்கு ஒரு வாக்கு என்பது சங்கத்தின் முறை. முன்பு அதற்கான மஞ்சள் உறுப்பினர் அட்டை என் கணவரின் சட்டைப்பைக்குள் இருக்கும். வாசலில் நின்ற செயலாளர் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அட்டையை மகளிடம் கொடுத்தார்.

"பிள்ளை, இனி வீட்டுக்கு நீர்தான் வோட்." பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீங்கள் உள்ளுக்க போய் தேத்தண்ணி அலுவலைக் கொஞ்சம் பாருங்கோ."

என் மகள் அந்த ஊரைக் கண்டதில்லை. ஊரின் பெயரைச் சொன்னாலே நாக்கு ஒரு தரம் தடுக்கி விழும். "அம்மா, என்னத்துக்கு வோட் பண்றம்? ஐ டோன்ட் ஈவன் நோ தீஸ் பீப்பிள்" என்று காதுக்குள் கேட்டாள். மேசைக்குக் கீழே அட்டையை என் மடியில் வைத்தாள். பள்ளிக்கூடக் கூரையா தண்ணீர்த் தாங்கியா என்று வாக்கெடுப்பு வந்தபோது நான் அட்டையை உயர்த்தினேன். முன்வரிசையில் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த தலைவர் திரும்பினார். எழுபதைத் தாண்டிய மனுசன், தங்கமான ஆள், அதுதான் இன்னும் கோபம்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. கார்ட் பிள்ளையின்ர கையிலதான் இருக்கோணும்."

நான் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழும்பிப் பின்னால் போனேன். அங்கே தேநீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் வழக்கம்போல ஒரு அக்கா நின்றார். ரெக்ஸ்டேலிலிருந்து பஸ் மாறி மாறி எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறவர். வந்ததும் கோட்டைக் கழற்றி ஒரு கதிரையில் போட்டுவிட்டுத் தேநீர் போடத் தொடங்குவார், கடைசிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவார். அவரும் வேறு ஊரிலிருந்து கலியாணம் கட்டி வந்தவர். கணவர் எப்போதோ இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை, ஆகவே அவருக்கு ஒரு பக்கத்தாலும் அட்டை இல்லை. சீனி போடாத தேநீரை என் கையில் தந்து, "குடியும் பிள்ளை, ஆறப்போகுது" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் முடியவில்லை. கூரைக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நான் அழவில்லை. என் கணவரைச் சின்ன வயதில் அரைக் காற்சட்டையோடு கண்டவர்கள், அவருடைய பட்டப்பெயர் தெரிந்தவர்கள், அவர் சொன்ன பகிடியை இன்றும் சொல்லிச் சிரிப்பவர்கள் இந்த நகரத்தில் அந்த அறையில்தான் இருக்கிறார்கள். அவர் இருந்தவரை அவரோடு உள்ளே போனேன். இனி அந்த அறைக்குள் நான் யாராகப் போவது? விருந்தாளியாகவா, வேலைக்காரியாகவா? எனக்கு அங்கே என் சொந்தக் காலில் நிற்க ஒரு இடம் வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன், அதுவும் மனத்துக்குள்.

சரி, இந்தத் தை மாதத்து அழைப்புக்கு வருகிறேன். பூங்கா அனுமதிக்கு "ஓம்" சொன்ன பிறகும் செயலாளர் போனை வைக்கவில்லை.

"இன்னொண்டு அக்கா. எங்கட சங்கத்தின்ர யாப்பு விதிகளையும் ஒருக்காத் திருத்தித் தரவேணும். காப்புறுதிக்காரர் புதுசாக் கேக்கினம். நீங்கள் உந்த ரோமன் சட்டமெல்லாம் படிப்பிக்கிறனீங்கள்தானே."

உறுப்பினர் அல்லாத ஒருத்தியிடம் உறுப்பினர் யாரென்று எழுதித் தரச் சொல்லுகிறார்கள். இந்தத் தடவை நான் "ஓம்" என்றதற்குக் காரணம் இருந்தது. பழைய விதிகளைச் சுத்தமாக எழுதி, மூன்று புதிய விதிகளைச் சேர்த்தேன். ஒன்று, ஊர்க்காரரைக் கலியாணம் செய்தவர் தன் பெயரிலேயே உறுப்பினர் ஆகலாம். மற்றது, பதவி வகித்தவர் இறங்கும்போது அவருடைய மனைவியோ கணவரோ உறுப்பினர் ஆவார். மூன்றாவது, பதவிக்கு ஒருவரும் முன்வராவிட்டால் என்ன செய்வது என்பது. அதையும் அந்த வெண்கலத் தகட்டிலிருந்துதான் எடுத்தேன். வேட்பாளர் போதாவிட்டால் தேர்தலை நடத்துகிறவர் ஒருவரின் பெயரைச் சொல்வார், பெயர் சொல்லப்பட்டவர் இன்னொருவரைச் சொல்வார், அவர் இன்னொருவரை. சொல்லப்பட்ட எல்லோரும் போட்டியில் நிற்க வேண்டும், ஒருவரும் தப்ப முடியாது.

யூனியன்வில்லில் தலைவர் வீட்டு நிலக்கீழ் அறையில் நிர்வாகக் கூட்டம். முதல் விதியை வாசித்ததுமே தலைவர் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, மருமக்கள் எல்லாம் உள்ளுக்க வந்தால் பேந்து எங்கட ஊரை வித்துப்போடுவினம்."

"எந்த ஊரை அண்ணை? விக்கிறதுக்கு அங்க ஆர் இருக்கினம்? எல்லாரும் இஞ்சதானே இருக்கினம்."

"இல்லை, ஊரில பிறந்த ஆக்களுக்குத்தான் ஊர்ப்பற்று இருக்கும்."

"நீங்கள் பிறந்தது குருநாகலில எல்லோ? உங்கட அப்பா அங்க ஸ்டேசன் மாஸ்டரா இருந்தவர் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அது வேற கதை. அது அப்பா வழி."

ரோமரும் அப்படித்தான், எங்கே பிறந்தாலும் தகப்பனின் ஊர்தான் பிள்ளையின் ஊர். நம்பிப் போன ரோமே என் காலை வாரிவிட்டது. இரண்டாவது விதி அதைவிட வேகமாகப் போனது. செயலாளர் பேனையால் இரண்டையும் குறுக்கே வெட்டினார். எனக்கு நேரே இருந்துதான் வெட்டினார், வெட்டிவிட்டு "அக்கா, தேத்தண்ணி எடுங்கோ" என்றார்.

ஆனால் மூன்றாவது விதியைக் கேட்டதும் எல்லோருடைய முகமும் மலர்ந்தது. பொதுக்கூட்டத்தில் தலைவர் தெரிவு என்றால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆளை ஆள் பார்ப்பார்கள், நிலத்தைப் பார்ப்பார்கள், கடைசியில் இருந்தவரையே கெஞ்சி இருத்துவார்கள். "உது நல்ல விசயம் தங்கச்சி" என்றார் தலைவர். "ஒரு சின்னத் திருத்தம். இன்னொருத்தற்ற பேரைச் சொன்னால், சொன்ன ஆள் விலகலாம் எண்டு போடுவம்."

"அண்ணை, அதின்ர அர்த்தமே அதுதான், விலக ஏலாது எண்டது."

"அப்பிடிப் போட்டால் ஒருத்தரும் கூட்டத்துக்கே வராயினம்."

ரோமர் ஆட்களைப் பிடித்து நிறுத்த எழுதிய விதியை எங்கள் ஆட்கள் தப்பியோடும் விதியாக மாற்ற எடுத்த நேரம் ஒரு வடை தின்னும் நேரம். நான் ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னேன். சொன்ன பெயரைத் திரும்பச் சொல்ல முடியாது, சொல்ல ஆளில்லாமல் நிற்பவர்தான் தலைவர். இல்லாவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குச் சம்மதித்தார்கள்.

இந்த வருடப் பொதுக்கூட்டத்தன்று பனியும் மழையும் கலந்து கொட்டியது. ஆட்கள் குறைவு, வந்தவர்கள் சப்பாத்தைத் தட்டித் தட்டி உள்ளே வந்தார்கள். அட்டை மகளிடம், நான் தேநீர்ப் பக்கம், அந்த அக்கா ஏற்கெனவே கொதிகலனுக்குப் பின்னால். புதிய யாப்பை முதலில் கையுயர்த்தி ஏற்றுக்கொண்டார்கள். வாசித்திருந்தவர்கள் யாரென்று கேட்காதீர்கள். பிறகு தலைவர் எழும்பினார்.

"எனக்கு முழங்கால் ஒப்பரேசன் வருது. இனி என்னால ஏலாது. ஆர் வாறியள்?"

எல்லோரும் நிலத்தில் ஏதோ தொலைத்தவர்கள்போல் குனிந்தார்கள். தலைவர் புதிய விதியை வாசித்துவிட்டு, முன்வரிசையில் ஒருவரைக் காட்டினார். அவருக்கு இரவு வேலையாம், அடுத்தவரைக் காட்டினார். அடுத்தவருக்குச் சீனி வருத்தம், மற்றவருக்கு மகளின் கலியாணம், அதற்கடுத்தவருக்குக் காரணமே இல்லை, பக்கத்திலிருந்தவரோடு முந்திய கோபம். கொஞ்ச நேரத்தில் சனத்துக்கு அது பிடித்துவிட்டது. கலியாண வீட்டில்கூட நான் இவ்வளவு உற்சாகத்தைக் கண்டதில்லை. விரல் ஒன்று அறை முழுக்க ஓடித் திரிந்து, கடைசியில் ஒருவர், "இளம் சந்ததிக்கு இடம் குடுப்பம்" என்று என் மகளைக் காட்டினார்.

அவள் எழும்பினாள். "ஐ ஹாவ் எக்ஸாம்ஸ். நான் அம்மாவைச் சொல்றன்."

"ஓமோம்!" என்று ஒரே குரலில் அறை மூச்சுவிட்டது.

செயலாளர்தான் தலையைச் சொறிந்தார். "ஆனா... அக்கா மெம்பர் இல்லையே."

"அதுக்கென்ன, இப்ப ஆக்குவம்" என்றார் தலைவர். "ஆர் ஆதரவு?"

எல்லாக் கைகளும் எழுந்தன. ஒருவரும் எண்ணவில்லை. மருமக்கள் வந்து ஊரை விற்றுப்போடுவார்கள் என்ற பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. இத்தனை வருடமாக முடியாத காரியம், என் கையிலிருந்த தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். ரோமர் பதவியில் வேலை செய்து இறங்குகிறவருக்கு உரிமையைக் கொடுத்தார்கள். இவர்கள் இன்னும் வேலை வாங்குவதற்காக உரிமையைத் தருகிறார்கள். கோப்பையை வைத்துவிட்டு முன்னால் போனேன்.

"நான் மெம்பர் ஆனது பதிஞ்சாச்சோ?"

"ஓம் அக்கா, பதிஞ்சாச்சு" என்றார் செயலாளர்.

"அப்ப யாப்பு எனக்கும் பொருந்தும்."

"பொருந்தாமல்? நீங்கள் எழுதினதுதானே."

"நான் உம்மைச் சொல்றன் தம்பி."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது முன்வரிசை வரை வந்தது. தலைவர் முழங்காலை மறந்து தொடையில் தட்டிச் சிரித்தார். செயலாளர், "ஐயோ அக்கா, எனக்கு உந்த அலுவலுகள் சரிவராது" என்று எழும்பி விரலை நீட்டினார். அவருடைய விரல் ஆள் தேடி வரிசை வரிசையாகப் போனது. எல்லோருடைய பெயரும் ஏற்கெனவே சொல்லியாயிற்று. கடைசியில் அது அறையின் பின்பக்கம் தேநீர்க் கொதிகலன்வரை போய், அங்கே கொஞ்சம் நின்று, அட்டை இல்லாத ஆள் என்று ஞாபகம் வந்ததும் கீழே இறங்கியது. சொல்ல ஆளில்லாமல் நின்ற செயலாளர்தான் இனித் தலைவர் என்று கைதட்டல் எழுந்தது. இந்தத் தடவை உறுப்பினராக்குவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் பழைய இடத்துக்கு வந்து நின்றேன். மாட்டேன் என்று அந்த அறையில் நான் சொன்னது அதுவே முதல் தடவை. உறுப்பினர் ஆனதால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

கூட்டம் கலைந்து வடையை நோக்கிச் சனம் வரத் தொடங்கியபோது, புதிய தலைவர் பேனையோடும் ஒரு வெறும் மஞ்சள் அட்டையோடும் வந்தார். அவரிடம் கோபம் இல்லை; நல்ல பெடியன்தான்.

"அக்கா, உங்கட கார்ட்டை எழுதிப்போடுவம். உங்கட..." என்று தொடங்கி நிறுத்தினார். பேனை அட்டையின் மேல் அந்தரத்தில் நின்றது. பிறகு, "ஒரு நிமிசம்" என்று போனை எடுத்து, என் இலக்கத்தைத் தேடினார். பக்கத்தில் நின்ற எனக்கும் திரை தெரிந்தது. அதில் நான் "பார்க் பேர்மிட் அக்கா" என்று இருந்தேன்.

அவருடைய காது சிவந்தது. "எல்லாரும் அக்கா எண்டுதானே கூப்பிடுறது... முந்தி அண்ணையின்ர மனுசி எண்டு போட்டிருந்தனான். பேந்துதான் மாத்தினது."

பேந்து என்றால் எதற்குப் பிறகு என்று இரண்டு பேருக்கும் தெரியும். நல்ல கிழி கிழிக்க வாயெடுத்தேன். சாராயக்கடைப் பெண்ணின் பெயர் இரண்டாயிரம் வருடம் சுவரில் இருக்கிறது, உமக்கு என்னுடையது வேண்டாமோ என்று கேட்க நினைத்தேன். அதற்குப் பதிலாக என் பெயரைச் சொன்னேன். முழுதாக, வகுப்பில் வரவு கூப்பிடும் குரலில். வடைத் தட்டைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுதி, அட்டையை என் கையில் தந்தார்.

"உதோ பிள்ளை உம்மட பேர்?" என்றார் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா. "வடிவான பேர். இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது." சொல்லிக்கொண்டே சீனி போடாத கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என்பதைத் தவிர அவரைக் கூப்பிட என்னிடமும் ஒன்றுமில்லை. எனக்குச் சீனி வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும். எந்த பஸ்ஸில் அவர் வீட்டுக்குப் போவார் என்பது எனக்குத் தெரியும். இத்தனை கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் நான் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"உங்கட பேர் என்ன அக்கா?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கேட்கிறேன் என்று நினைத்து. "எனக்கோ? இப்ப என்ரை பேர் உமக்கு என்னத்துக்கு?" என்றார். பிறகு ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

புதிய தலைவர் பேனையை மூடிச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார்.

"தம்பி, அதை மூடாதையும்" என்றேன். "இன்னொரு கார்ட் எடும்."

"அதுக்கு ஆராவது மெம்பர் எழும்பி, ஆளைச் சேர்க்கச் சொல்லிப் பிரேரிக்கோணும் அக்கா. அதுதானே யாப்பு."

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். மஞ்சள் அட்டையை உயர்த்திப் பிடித்தேன்.

"நான் பிரேரிக்கிறன்."